எரிவாயுச் சூடேற்றியில் சுடர் அணைதல்

எரிவாயுச் சூடேற்றியில் சுடர் அணைதல் என்பது, இயற்கை எரிவாயு அல்லது நீர்ம பெட்ரோலிய எரிவாயுவால் இயங்கும் சூடேற்றியில் பற்றவைக்கப்பட்ட சுடர் தொடர்ந்து எரியாமல் நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். குளிர் நாடுகளில் அறைகளையும் நீரையும் சூடாக்கப் பயன்படும் கருவிகளில் அடிக்கடி காணப்படும் குறைகளுள் இதுவும் ஒன்று. எனினும், சுடர் அணையும் எல்லா நேரங்களிலும் கருவி பழுதடைந்துவிட்டது எனக் கொள்ள முடியாது. சுடர் இல்லாதபோதும், அறைக் காற்றில் ஆக்சிசன் குறைந்தபோதும் எரிவாயு வரத்தை நிறுத்துவதற்கென்றே இக்கருவிகளில் காப்பு அமைப்புகள் உள்ளன. ஆகவே காரணத்தை ஆராயும்போது, சுடர் அணைந்தது காப்பு அமைப்பின் பழுதாலா, அல்லது அவ்வமைப்பு தன் பணியைச் சரியாகச் செய்ததாலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

சுடர்க் காப்பின் தேவை

சூடேற்றியின் சுடர் காற்று வீச்சாலோ வேறு காரணத்தாலோ அணைந்தபின் எரிவாயு மட்டும் தொடர்ந்து வெளியேறினால், அது அறைக் காற்றுடன் கலந்து வெடிக்கக்கூடிய கலவையாக மாறுகிறது. காற்றில் மீத்தேன் ஏறக்குறைய 5 முதல் 15 விழுக்காடு வரையிலும், புரொப்பேன் ஏறக்குறைய 2 முதல் 9.5 விழுக்காடு வரையிலும் இருக்கும்போது, ஒரு மின்பொத்தானின் சிறு பொறியே அக்கலவையைப் பற்றவைக்கப் போதுமானது.

இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறான மீத்தேன் காற்றைவிட இலேசானது. எனவே மேலெழுந்து பரவும். நீர்ம பெட்ரோலிய எரிவாயுவில் உள்ள புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய 1.5 மடங்கும், பியூட்டேன் ஏறக்குறைய 2 மடங்கும் அடர்த்தியானவை. இவை தரையை ஒட்டியும் பள்ளங்களிலும் தேங்கி நிற்கும். இதனால் நீர்ம பெட்ரோலிய எரிவாயு கசிந்ததா என அறியத் தரை மட்டத்திலும் முகர்ந்து பார்க்க வேண்டும்.

இவ்வளிமங்களுக்கு இயல்பில் எளிதில் உணரக்கூடிய மணம் இல்லை. 1937ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் உள்ள நியூ லண்டன் பள்ளியில், தரைக்கு அடியில் கசிந்து தேங்கிய இயற்கை எரிவாயு வெடித்ததில் ஏறக்குறைய 300 மாணவர்களும் ஆசிரியர்களும் உயிரிழந்தனர். கசிவை எவரும் மணத்தால் அறிந்திருக்கவில்லை. இதன் பின்னரே எரிவாயுவில் மணமூட்டி சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டுப் பரவலாயிற்று. நீர்ம பெட்ரோலிய எரிவாயுவில் பொதுவாக எத்தேன்தயோல் என்னும் கந்தகச் சேர்மம் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகிறது.

மணமூட்டி விழித்திருப்பவரை மட்டுமே எச்சரிக்க வல்லது. உறங்குபவருக்கும், ஆளில்லாத வீட்டுக்கும் பாதுகாப்பளிக்க, எவருடைய உதவியும் இன்றித் தானாகவே எரிவாயுவை நிறுத்தும் அமைப்பு தேவை. இதுவே சுடர்க் காப்பு எனப்படுகிறது.

அமைப்பும் இயங்கும் முறையும்

துணைச்சுடர்

பழைய வகைச் சூடேற்றிகளிலும், மின்னிணைப்பு இல்லாமல் இயங்கும் இன்றைய சூடேற்றிகள் பலவற்றிலும் இரண்டு சுடர்கள் உள்ளன. பைலட் என்று பரவலாக அறியப்படும் துணைச்சுடர் சிறியது. பெரிய சுடரைத் தரும் முதன்மை எரிப்பானைப் பற்றவைப்பது இதன் முதற்பணி. காப்பு அமைப்பின் உணர்முனையைச் சூடாக வைத்திருப்பது இதன் இரண்டாவது பணி. சூடேற்றி அணையும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பணியுடன் தொடர்புடையவை.

வெப்ப மின்னிரட்டை

தெர்மோகப்பிள் எனவும் அழைக்கப்படும் வெப்ப மின்னிரட்டை, இரண்டு வேறுபட்ட உலோகங்களை இணைத்து உருவாக்கப்படுகிறது. இணைப்பின் ஒரு சந்தி சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் சுற்றில் மின்னியக்கு விசை தோன்றுகிறது. இவ்விளைவைச் செருமானிய இயற்பியலாளர் தாமசு யோகான் சீபெக் 1821ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவர் பெயரால் இது சீபெக் விளைவு எனப்படுகிறது.

சூடேற்றியில் வெப்ப மின்னிரட்டையின் சூடான சந்தி துணைச்சுடரினுள் வைக்கப்படுகிறது. நல்ல நிலையில் உள்ள இரட்டை, சுற்று திறந்திருக்கும்போது பொதுவாக 20 முதல் 30 மில்லிவோல்ட் வரை தரும். பல இரட்டைகளைத் தொடராக இணைத்த வெப்ப மின்னடுக்கு எனும் அமைப்பு சில நூறு மில்லிவோல்ட் தரக்கூடியது. இது முதன்மை வால்வையும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியையும் இயக்கும் கருவிகளில் பயன்படுகிறது.

மின்காந்தக் காப்பு வால்வு

வெப்ப மின்னிரட்டையில் தோன்றும் மின்னோட்டம் காப்பு வால்வில் உள்ள சிறிய மின்காந்தத்துக்குச் செல்கிறது. இம்மின்காந்தம் திறந்த வால்வைத் திறந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் வலிமை மட்டுமே கொண்டது. மூடிய வால்வை இழுத்துத் திறக்கும் வலிமை அதற்கு இல்லை. எனவேதான் பற்றவைக்கும்போது கட்டுப்பாட்டுக் குமிழைக் கையால் அழுத்தி வால்வைத் திறக்க வேண்டியுள்ளது. சந்தி சூடாகும் வரை, அதாவது பொதுவாக 20 முதல் 60 நொடிகள் வரை, குமிழை விடக்கூடாது.

சுடர் அணைந்தால் சந்தி குளிர்கிறது, மின்னோட்டம் குறைகிறது, மின்காந்தம் பிடியை விடுகிறது, வில்சுருள் வால்வை மூடுகிறது. இவ்வமைப்புக்கு மின்கலமோ வெளி மின்சாரமோ தேவையில்லை. தன்னை இயக்கும் ஆற்றலை அது காக்கும் சுடரிலிருந்தே பெறுவதால், சுடர் இல்லாத நிலையில் அது திறந்திருக்க முடியாது.

இணைப்பின் தூய்மை

சில மில்லிவோல்ட் அழுத்தம் ஒரு மின்காந்தத்தை இயக்குவது சுற்றின் மின்தடை மிகக் குறைவாக இருப்பதால்தான். எடுத்துக்காட்டாக, அழுத்தம் 25 மில்லிவோல்ட் எனவும், சுற்றின் மொத்தத் தடை 0.05 ஓம் எனவும் கொண்டால், மின்னோட்டம் 0.5 ஆம்பியர் ஆகும். வால்வுடன் இணையும் முனையில் படிந்த அழுக்கு மேலும் 0.05 ஓம் தடையைச் சேர்த்தால் மின்னோட்டம் பாதியாகக் குறைந்துவிடும். வீட்டு மின்கம்பியில் பொருட்படுத்தத் தேவையில்லாத இத்தடை, இங்கே சூடேற்றியை அணைத்துவிடப் போதுமானது. சுடரும் இரட்டையும் நல்ல நிலையில் இருந்தும் சுடர் நிலைக்காமைக்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

ஆக்சிசன் குறைவு உணர்வி

புகைபோக்கி இல்லாத அறைச் சூடேற்றிகள் எரிப்புக்கான காற்றை அறையிலிருந்தே எடுத்து, எரிந்த வளிமங்களையும் அறைக்குள்ளேயே விடுகின்றன. இயல்பான காற்றில் ஆக்சிசன் ஏறக்குறைய 20.9 விழுக்காடு உள்ளது. இது குறையும்போது எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும் வாய்ப்பு மிகுகிறது. இதைத் தடுக்க அமைக்கப்படுவது ஆக்சிசன் குறைவு உணர்வி. ஐக்கிய அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்திலிருந்து புகைபோக்கியற்ற எரிவாயு அறைச் சூடேற்றிகளில் இது இடம்பெற்று வருகிறது. அங்குள்ள தரத்தின்படி, ஆக்சிசன் 18 விழுக்காட்டுக்குக் கீழே செல்லும் முன் சூடேற்றி அணைந்துவிட வேண்டும்.

இவ்வுணர்வியில் வேதிப்பொருளோ மின்னணுச் சுற்றோ இல்லை. மிகத் துல்லியமான துளை கொண்ட துணைச்சுடரே உணர்வியாகச் செயல்படுகிறது. போதிய ஆக்சிசன் உள்ளபோது சுடர் எரிப்பானின் வாயிலிருந்து நேராகச் சென்று வெப்ப மின்னிரட்டையைத் தொடுகிறது. ஆக்சிசன் குறையும்போது எரியும் வேகம் குறைவதால் சுடர் வாயை விட்டு விலகித் தூக்கலாக எரிகிறது. சுடர் விலகியதும் இரட்டை குளிர்ந்து வால்வு மூடிக்கொள்கிறது.

ஒரு கணக்கீடு

3 கிலோவாட் திறனுள்ள சூடேற்றி ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 0.23 கிலோகிராம் புரொப்பேனை எரிக்கும். ஒரு கிலோகிராம் புரொப்பேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 3.6 கிலோகிராம் ஆக்சிசன் தேவை. ஆகவே மணிக்கு ஏறக்குறைய 0.85 கிலோகிராம் ஆக்சிசன் செலவாகிறது. 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட அறையில் ஆக்சிசன் 20.9 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைய ஏறக்குறைய 1.2 கிலோகிராம் செலவாக வேண்டும். வெளிக்காற்று சிறிதும் உள்ளே வராது எனக் கொண்டால், இது ஏறக்குறைய 85 நிமிடங்களில் நிகழ்ந்துவிடும்.

உண்மையான அறைகளில் கதவு, சன்னல் இடுக்குகள் வழியே சிறிது காற்று வருவதால் இந்நேரம் நீளும். எனினும், மாலையில் நன்றாக எரிந்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அணையும் சூடேற்றியைப் பழுதடைந்ததாகக் கருதுவதற்கு முன் அறையின் காற்றோட்டத்தை நோக்க வேண்டும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. சன்னலைச் சிறிது திறந்து வைத்தபோது அணையாமல் எரிந்தால், குறை பெரும்பாலும் கருவியில் இல்லை, அறையில் உள்ளது.

உயரமான இடங்களில் காற்றின் ஆக்சிசன் விழுக்காடு மாறுவதில்லை. ஆனால் காற்றழுத்தம் குறைவதால் ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிசனின் அளவு குறைகிறது. இதனால் சில கையடக்கச் சூடேற்றிகள் ஏறக்குறைய 7000 அடி உயரத்துக்கு மேல் அணைந்துவிடலாம் என அவற்றின் கையேடுகளிலேயே குறிப்பிடப்படுகிறது.

சுடர் அயனி உணர்வி

நடுவண் சூடேற்றும் உலைகளிலும் மின்னிணைப்புள்ள புதிய நீர்ச்சூடேற்றிகள் பலவற்றிலும் நிலையான துணைச்சுடர் இல்லை. பொறியால் முதன்மை எரிப்பான் பற்றவைக்கப்பட்டபின், சுடர் எரிகிறதா என்பதை ஓர் உலோகத் தண்டு உணர்கிறது. சுடரில் அயனிகள் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். தண்டுக்கும் எரிப்பானுக்கும் இடையே மாறுமின்னழுத்தம் தரப்படும்போது, எரிப்பானின் பரப்பு தண்டின் பரப்பைவிடப் பெரிதாக இருப்பதால் மின்னோட்டம் ஒரு திசையில் மிகுதியாகச் செல்கிறது. ஒரு சில மைக்ரோ ஆம்பியர் அளவேயான இந்த நேர்மின்னோட்டம் கிடைத்தால் மட்டுமே கட்டுப்பாட்டுப் பலகை வால்வைத் திறந்து வைக்கும்.

தண்டின் மீது கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு அல்லது சிலிக்கா படலம் படிந்தால் மின்னோட்டம் குறைந்துவிடும். அப்போது எரிப்பான் பற்றிக்கொண்டு சில நொடிகளிலேயே அணைகிறது. சில முயற்சிகளுக்குப் பின் பலகை முற்றிலுமாகப் பூட்டிக்கொள்கிறது. மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தியபின் நுண்ணிய எஃகுப் பஞ்சால் தண்டைத் துடைப்பதே இக்குறைக்கு வழக்கமான தீர்வாகும்.

அணையும் நேரமும் காரணமும்

சுடர் எப்போது அணைகிறது என்பது காரணத்தைக் கண்டறிய உதவும் முக்கியமான குறிப்பாகும். துணைச்சுடர் உள்ள சூடேற்றிகளில் பின்வரும் நிலைகளைக் காணலாம்.

1. துணைச்சுடர் பற்றாமலே இருத்தல்: எரிவாயு வரவில்லை, அல்லது நீண்ட நாள் பயன்படுத்தாத குழாயில் காற்று நிறைந்துள்ளது, அல்லது துளைமுனை அடைபட்டுள்ளது. கோடைக்காலம் முழுவதும் பயன்படாமல் இருந்த சூடேற்றிகளில் தூசியும் சிலந்திக் கூடுகளும் துளையை அடைப்பது உண்டு.

2. குமிழை விட்டவுடன் அணைதல்: குமிழ் போதிய நேரம் அழுத்தப்படவில்லை, சுடர் இரட்டையின் முனையைச் சரியாகத் தொடவில்லை, இணைப்பு முனை தளர்ந்தோ அழுக்கடைந்தோ உள்ளது, இரட்டை தேய்ந்துவிட்டது, அல்லது வால்வின் மின்காந்தம் பழுதடைந்துள்ளது. பொதுவாக இரட்டையின் நுனியில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான பகுதி நீலச் சுடருக்குள் இருக்க வேண்டும்.

3. முதன்மை எரிப்பான் எரியத் தொடங்கியதும் அணைதல்: பெரிய எரிப்பான் எரிவாயுவை எடுத்துக்கொள்வதால் அழுத்தம் வீழ்ந்து துணைச்சுடர் சிறுத்துவிடுகிறது. அழுத்தச் சீராக்கியின் குறை, காலியாகும் நிலையிலுள்ள உருளை, வளைந்து நெரிந்த குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4. சில நிமிடங்களில் அணைதல்: கருவி முழுவதும் சூடாகும்போது இரட்டையின் குளிர்சந்தியும் சூடாகிறது. மின்னழுத்தம் இரு சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டைச் சார்ந்தது என்பதால், ஏற்கெனவே வலுக்குறைந்த இரட்டை இந்நிலையில் வால்வைப் பிடித்திருக்க இயலாமல் போகிறது. காற்றுப் பாதை அடைபட்டுக் கருவி மிகையாகச் சூடாகும்போது மிகைவெப்பக் காப்பு செயற்பட்டிருக்கவும் கூடும்.

5. நீண்ட நேரம் எரிந்தபின் அணைதல்: அறையில் ஆக்சிசன் குறைந்துள்ளது என்பதே முதலில் கருத வேண்டிய காரணம். புகைபோக்கி உள்ள கருவியானால், புகைபோக்கி அடைபட்டு வளிமங்கள் அறைக்குத் திரும்புவதை உணரும் காப்பு செயற்பட்டிருக்கலாம்.

6. காற்று வீசும் நாட்களில் மட்டும் அணைதல்: புகைபோக்கி வழியே காற்று கீழிறங்கித் துணைச்சுடரை அணைக்கிறது.

இவற்றுள் 4ஆம் நிலையின் பிற்பகுதியும் 5ஆம் நிலையும், காப்பு அமைப்பு சரியாக இயங்குவதன் அடையாளங்கள் ஆகும். இந்நிலைகளில் உணர்வியை மாற்றுவதால் குறை தீராது.

குளிரும் எரிவாயு உருளையும்

சிலிண்டர் எனப்படும் உருளைக்குள் நீர்ம பெட்ரோலிய எரிவாயு நீர்ம வடிவில் உள்ளது. அது ஆவியானால் மட்டுமே எரிப்பானுக்கு வரும். இயல்பான காற்றழுத்தத்தில் புரொப்பேனின் கொதிநிலை −42 °செ. சாதாரண பியூட்டேனின் கொதிநிலை −0.5 °செ. பியூட்டேன் மிகுந்த கலவை உள்ள உருளையைக் கடுங்குளிரில் வெளியே வைத்தால், உள்ளே நீர்மம் இருந்தும் போதிய ஆவி கிடைக்காமல் சுடர் சிறுத்து அணையும்.

மேலும், ஆவியாதலுக்குத் தேவையான வெப்பத்தை நீர்மம் உருளையின் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோகிராம் புரொப்பேன் ஆவியாக ஏறக்குறைய 400 கிலோஜூல் வெப்பம் தேவை. சிறிய உருளையுடன் பெரிய சூடேற்றியை இணைத்தால் உருளை விரைவாகக் குளிர்ந்து, வெளிப்புறத்தில் உறைபனி படியும், அழுத்தம் வீழும். இவ்வேளையில் உருளையைச் சுடரால் சூடாக்குவது பேரிடரை விளைவிக்கும். பெரிய உருளையைப் பயன்படுத்துவதும், அப்பகுதியின் குளிருக்கேற்ற கலவையைப் பெறுவதுமே தீர்வுகள்.

சூடேற்றி எந்த எரிவாயுவுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். சம கன அளவில் புரொப்பேன் தரும் வெப்பம், மீத்தேன் தருவதைப்போல் ஏறக்குறைய 2.5 மடங்கு. எனவே இரண்டுக்கும் துளைமுனையின் அளவும் வரத்து அழுத்தமும் வேறுபடுகின்றன. ஒன்றுக்கான கருவியை மற்றதுடன் இணைத்தால் சுடர் நிலைக்காமல் போவதுடன், மிகப் பெரிய சுடரும் கார்பன் மோனாக்சைடும் தோன்றும் ஆபத்து உண்டு.

ஆய்வு செய்யும் ஒழுங்கு

கருவியின் கையேடு எப்போதும் முதன்மையானது. பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு பின்வருமாறு:

* எரிவாயு மணம் இருந்தால் எதையும் பற்றவைக்கக்கூடாது, மின்பொத்தான்களைத் தொடக்கூடாது. வரத்தை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியேறியபின் எரிவாயு வழங்குநருக்குத் தெரிவிக்க வேண்டும்.
* ஒரு முறை பற்றவைக்கத் தவறினால், வெளியேறிய எரிவாயு கலையும்வரை சில நிமிடங்கள் காத்திருந்து பின்னரே மீண்டும் முயல வேண்டும்.
* அறையின் காற்றோட்டம், உருளையின் இருப்பு, குழாயின் நிலை ஆகியவற்றைக் கருவியைத் திறப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.
* துணைச்சுடரின் நிறத்தையும் திசையையும் நோக்க வேண்டும். நிலையான நீலச் சுடர் நல்லது. மஞ்சளாகத் தளர்ந்து எரிந்தால் காற்றுத்துளையில் தூசி அடைத்துள்ளது எனலாம். வரத்தை மூடி, கருவி குளிர்ந்தபின் அழுத்தக் காற்றால் தூசியை நீக்கலாம். துளைமுனையில் ஊசியோ கம்பியோ நுழைக்கக்கூடாது. துளை சிறிதளவு பெரிதானாலும் உணர்வியின் துல்லியம் கெட்டுவிடும்.
* வெப்ப மின்னிரட்டையின் இணைப்பு முனையைத் துடைத்து, விரலால் திருகி இறுக்கியபின் சாவியால் மேலும் கால் சுற்று மட்டும் இறுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் முனையின் காப்புப்பொருள் நசுங்கிவிடும்.
* பன்மானி கொண்டு இரட்டையின் மின்னழுத்தத்தை அளக்கலாம். கையேட்டில் கூறப்பட்ட அளவைவிடக் குறைவாக இருந்தால் இரட்டையை மாற்ற வேண்டும். இரட்டை நல்ல அளவைத் தந்தும் வால்வு பிடிக்கவில்லையெனில் மின்காந்தத்தில் குறை உள்ளது.
* எரிவாயு இணைப்பு எதையேனும் கழற்றி மாட்டினால் சோப்பு நீரால் கசிவைச் சோதிக்க வேண்டும்.

வால்வு, அழுத்தச் சீராக்கி, புகைபோக்கி ஆகியவற்றைச் சரிசெய்வது பயிற்சி பெற்றவரின் பணியாகும். பல நாடுகளில் இதற்கு உரிமம் பெற்றிருப்பது கட்டாயம். எடுத்துக்காட்டாக, பெரிய பிரித்தானியாவில் 2009ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் கேசு சேஃப் பதிவேட்டில் இடம்பெற்றவர்கள் மட்டுமே வீட்டு எரிவாயுக் கருவிகளில் பணிபுரிய முடியும்.

காப்பை முடக்குவதன் இடர்

அடிக்கடி அணையும் சூடேற்றியால் எரிச்சலுறுவோர், குமிழை அழுத்திய நிலையிலேயே கட்டிவைப்பதும், உணர்வியை விலக்கிவிடுவதும் உண்டு. அவ்வாறு செய்தபின் சூடேற்றி அணையாமல் எரியும். குறை தீர்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் அணையச் செய்த காரணம் அறையில் அப்படியே உள்ளது. துணைச்சுடர் அணைந்தால் எரிவாயு நிற்காமல் வெளியேறும். ஆக்சிசன் குறைந்தால் அதை உணர்த்த எதுவும் இராது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. குருதியின் ஈமோகுளோபினுடன் அது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பிணைகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியன தொடக்க அறிகுறிகள். சளிக்காய்ச்சல் எனத் தவறாகக் கருதப்படுவது இதன் ஆபத்தை மிகுவிக்கிறது. ஒரே வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் இவ்வறிகுறிகள் தோன்றி, வெளியே சென்றதும் தணிந்தால் கார்பன் மோனாக்சைடை ஐயுற வேண்டும். உறங்குபவர் இவ்வறிகுறிகள் எவற்றையும் உணராமலே மயக்கநிலைக்குச் செல்லக்கூடும்.

2020ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், நேபாளத்தில் ஏறக்குறைய 2300 மீட்டர் உயரத்தில் உள்ள தாமன் என்னும் மலைச் சுற்றுலாத் தலத்தில், கேரளத்தைச் சேர்ந்த 8 பயணிகள் விடுதி அறையில் மயங்கிய நிலையில் காணப்பட்டனர். காத்மாண்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர்கள் அனைவரும் உயிரிழந்தனர். அவர்களுள் 4 பேர் குழந்தைகள். இரவின் குளிருக்காகக் கதவும் சன்னல்களும் மூடப்பட்டிருந்த அவ்வறையில் எரிவாயுச் சூடேற்றி பயன்படுத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து வெளியான வளிமங்களால் மூச்சுத்திணறல் ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது. குளிர்ப்பகுதிகளுக்குப் புதிதாகச் செல்பவர்கள் வெப்பம் வெளியேறாதிருக்க அறையை முழுதும் அடைப்பது இயல்பு. சூடேற்றி எரியும் அறையில் அதுவே ஆபத்தாகிறது.

ஆக்சிசன் குறைவு உணர்வி கார்பன் மோனாக்சைடை நேரடியாக அளப்பதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அழுக்கடைந்த முதன்மை எரிப்பான், அறையில் போதிய ஆக்சிசன் இருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடை வெளியிடலாம். எனவே உணர்வி உள்ள கருவிகளைப் பயன்படுத்தும் வீடுகளிலும் தனியாகக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துவது பரிந்துரைக்கப்படுகிறது. உறங்கும்போது புகைபோக்கியற்ற சூடேற்றியை எரியவிடாதிருப்பதே பாதுகாப்பானது.

இந்தியாவில் எரிவாயு நீர்ச்சூடேற்றிகள்

தமிழ்நாடு உள்ளிட்ட வெப்பமான பகுதிகளில் எரிவாயு அறைச் சூடேற்றிகள் அரிது. எனினும், கேசு கீசர் எனப்படும் எரிவாயு நீர்ச்சூடேற்றிகள் இந்திய நகரங்களில் பயன்பாட்டில் உள்ளன. இவற்றிலும் சுடர் நிலைக்காமை ஏற்படுகிறது. பெரும்பாலான வகைகளில் நீரோட்டம் தொடங்கியதும் மின்கலத்தின் ஆற்றலால் பொறி எழுந்து வால்வு திறக்கிறது. மின்கலம் வலுக்குறைந்தாலும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் நீரின் அழுத்தம் போதாவிட்டாலும் சுடர் தோன்றாது அல்லது உடனே அணைந்துவிடும்.

சில வகைகள் தொடர்ந்து 20 நிமிடங்கள் எரிந்ததும் தானாகவே அணையும். இதுவும் பழுதன்று. மூடிய குளியலறையில் நீண்ட நேரம் எரிவதைத் தடுக்கும் காப்பாகும். குளியலறையின் கொள்ளளவு சிறியது என்பதால், முன்பு கூறிய கணக்கீட்டின்படி ஆக்சிசன் மிக விரைவாகக் குறையும். மூடிய குளியலறைகளில் இக்கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு மயக்கம், வலிப்பு போன்றவை ஏற்பட்ட நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் கேசு கீசர் நோய்த்தொகுப்பு என்னும் பெயரில் பதிவாகியுள்ளன. கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்திக் குழாய் வழியே வெந்நீரை உள்ளே கொண்டு செல்வது இதைத் தவிர்க்கும் வழியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* வெப்ப மின்னிரட்டை
* சீபெக் விளைவு
* கார்பன் மோனாக்சைடு நச்சேற்றம்
* நீர்ம பெட்ரோலிய எரிவாயு
* எரிதல்